கல்லாப் போற வழி

வா மாப்ள, உக்காரு. பேரு நெலைக்கணும்னு முக்குக்கு முக்கு பேனர் கட்டுறியாமே? ஆடிக் காத்துக்கே தாங்காத சாமான் அது. கோடி வருஷம் நிக்கிற வித்தைய நான் சொல்றேன், காசு வேணாம். ஒரே ஒரு செலவு, மொதல்ல சாகணும்.

செத்த கையோட பொதையணும். முக்காவாசி உசுரு இங்கதான் தோத்துப்போவுது. வெட்டவெளியில கெடந்தா நரி, எறும்பு, வெயிலு, மழைன்னு ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கும். காத்து எட்டாத சேறு வந்து மேல மூடணும். அதனால மேடையப் பாத்து ஓடாம, ஆறு கடல்ல விழுற எடமாப் பாத்துப் போய் நில்லு.

நம்ம சாத்தனூர் கல்மரம் அப்படித்தான் தப்பிச்சுது. சுமார் 10 கோடி வருஷத்துக்கு முந்தி இந்தப் பெரம்பலூர்ப் பக்கம் கடலு. நீ மக்காச்சோளம் போட்டு நட்டம்னு பொலம்புற கொல்லையும் சேத்துத்தான். வெள்ளத்துல வந்த மரம் கடலடிச் சேத்துல அமுங்கிச்சு. தண்ணியில கரைஞ்சிருந்த சிலிக்கா மரத்துக்குள்ள நுணுக்கமா எறங்கி ஒறைஞ்சு, எடத்தப் புடிச்சுக்கிட்டுது. ஆளு போயிட்டாரு, நாற்காலி அச்சு மாறாம அப்படியே இருக்கு! 18 மீட்டர் நீளம். 1940ல பாறை ஆராய்ச்சிக்காரரு எம்.எஸ்.கிருஷ்ணன் வந்து சொல்ற வரைக்கும் ஒரு அறிக்கை விடல, ஒரு பேட்டி குடுக்கல.

அடுத்தது ஒடம்பு. உனக்குப் பெருசா இருக்கிறது நாக்கு, அது தேறாது. எலும்பு, பல்லு, ஓடு இதுக்குத்தான் வாய்ப்பு. காரைப் பக்கம் மழை அரிச்ச மேட்டுல சுருண்டு கெடக்குற அம்மோனைட்டப் பாரு. கடல்ல இருக்கிற கணவாய் மீனுக்குப் பங்காளி. சதை போயி சுருள் மட்டும் நிக்குது. டைனோசரு ஒழிஞ்ச அதே 6.6 கோடி வருஷத்துக்கு முந்தி இதுவும் பூண்டத்துப் போச்சு. ஆனா காலத்துக்குக் காலம் ஓட்டோட அமைப்பு மாறிக்கிட்டே வந்ததால, அத வச்சுத்தான் படிச்சவங்க பாறைக்கு வயசு சொல்றாங்க. ஊருக்குள்ள கடல் இருந்ததுக்கும் அதுதான் சாட்சி.

2020ல குன்னத்துல உருண்டை உருண்டையாக் கெடைச்சப்ப, உன் செட்டுப் பயலுவ டைனோசர் முட்டைன்னு செல்போன்ல பரப்புனானுவளே, ஞாபகம் இருக்கா? வெவரம் தெரிஞ்சவங்க வந்து, அம்மோனைட்டச் சுத்தி மண்ணு இறுகுன உருண்டைன்னு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் ஒருத்தனும் ஷேர் பண்ணல.

சிப்பிக்கும் இந்தப் பாக்கியம் உண்டு. அரியலூர் சுண்ணாம்புப் பாறையில அதுதான் அடுக்கடுக்கா. அத ஆலையில போட்டு அரைச்சுச் சிமெண்டாக்கி நீ மாடி கட்டியிருக்க. கிரகப்பிரவேசத்துக்கு அந்தச் சிப்பிக்கு ஒரு பத்திரிகை வச்சியா?

கல்லாயிட்டா கவலை விட்டுதுன்னும் நெனைக்காத. கல்லமேட்டுல பெரிய டைனோசர் ஒண்ணு கெடைச்சு, 1987ல புருகத்காயோசாரஸ்னு பேரு வச்சாங்க. மொழங்காலுக்குக் கீழ இருக்கிற எலும்பே 2 மீட்டராம். தோண்டி எடுத்த எலும்பு பொடிஞ்சு மண்ணாப் போச்சு. இப்ப மிச்சம் படமும் போட்டோவும்தான். உலகத்துலயே பெரிய மிருகம்ங்கிறான் ஒருத்தன். எலும்பே இல்ல, மரம்னு சொன்னவனும் உண்டு. சரக்குக் கையில இல்லாததால ஆளாளுக்கு ஒரு எடை போட்டுக்கிட்டு இருக்கானுவ.