குப்பை மேட்டுப் புகையும் எட்டு மார்க்கும்

வா டீச்சரம்மா, குந்து. பசங்களுக்கு வாதம் பண்ணிக் கட்டுரை எழுத வரலைன்னு விசனப்படுறியாமே? எதுக்கும்மா விசனம்? "இன்றைய நவீன உலகில்"னு முன்னுரை. "விழிப்புணர்வு பெறுவோம்"னு முடிவுரை. நடுவுல நோட்ஸ்ல கீறதை ஊத்திக்கினா ஆச்சு. மழைநீர் சேகரிப்போ மது ஒழிப்போ, தலைப்பை மட்டும் மாத்துனா போதும். பத்தாங்கிளாஸ் பரீட்சையில கட்டுரைக்கு எட்டு மார்க்கு, நாலாவது தேறிடும். யோசிக்கப் பழக்கிட்டா அப்பால உன்னையே கேள்வி கேப்பானுங்க. அந்த வம்பு உனக்கெதுக்கு?

கத்துக்குடுத்தே தீருவேன்றியா? எம்.கே.பி. நகர்ப் பசங்களுக்கு வாதம் கத்துக்குடுக்கப் போறியா நீ! தண்ணி லாரி வந்தா யார் கொடம் முன்னாடின்னு நம்ம பொண்ணுங்க பேசுறதை ஐகோர்ட்டு வக்கீலு நின்னு கேட்டுட்டுப் போகணும். அதே பொண்ணு கையில பேனாவைக் குடு, "நீர் மனிதனுக்கு இன்றியமையாததாகும்"னு எழுதும். கொடத்தைக் காணோம், சண்டையைக் காணோம்.

தலைப்புக்கு அலையாத. ஜன்னலைத் தொற, கொடுங்கையூர் நாத்தம் தானா வரும். 300 ஏக்கருக்கு மேல குப்பை மேடு. அங்க குப்பையை எரிச்சுக் கரண்டு எடுக்க உலை வைக்கணும்னு மாநகராட்சி சொல்லுது. வேணாம்னு 2025-ல ஜனம் தெருவுல கைகோத்து நின்னுது. உலை வேணுமா வேணாமா, எழுதுங்கடான்னு சொல்லு. அத்தனை பேரும் வேணாம்னுதான் எழுதுவான். அங்கதான் நீ குறும்பு பண்ணணும். மொதல்ல, வேணும்னு சொல்றவன் கட்சியை எழுதச் சொல்லு. தெனம் வர்ற குப்பையை எங்கதான் கொட்டுறது, எடம் ஏது, சும்மா வுட்டாலும் மேடு தீப்புடிக்குதேன்னு அவன் கேக்குறதை அவனே படிச்சுத் தலையாட்டுற மாதிரி எழுதணும். அப்பால வரட்டும் நம்மாளு: ஈரக் குப்பை எப்டி எரியும், பிரிச்சு வாங்குனா எரிக்க எவ்ளோ மிஞ்சும், சாம்பலை எங்க கொட்டுவ, எண்ணூர்ல அனல்மின் நிலையம் கொட்டுன சாம்பல் பத்தலியா?

என் சொந்தச் சரக்குன்னு நெனச்சுக்காத. 13-ஆம் நூத்தாண்டுல அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியார்ல பரபக்கத்தை முன்னாடி வச்சாரு. அடுத்தவன் மதம் இன்னா சொல்லுதுன்னு எடுத்து வச்சு மறுத்துட்டுத்தான் சுபக்கம், தன் கட்சி. நம்ம பட்டிமன்றத்துக்காரரு எதிரணி அம்மாவோட பொடவையைக் கிண்டலடிச்சே கைத்தட்டு வாங்கிடுறாரு, அது வேற கலை.

மணிமேகலையில இன்னும் விசேஷம். காஞ்சியில அறவண அடிகள் அந்தப் பொண்ணுக்குத் தருக்கம் சொல்றாரு. மலையில நெருப்பு கீதுன்றது பக்கம். புகையுதேன்றது ஏது. அடுக்களையைப் பாருன்றது திட்டாந்தம். நமக்கும் மலை கீது, புகையும் கீது, பாடத்துக்கு வேற இன்னா வோணும்? கெழவர் அதோட வுடல. பொய்யான ஏது, பொய்யான திட்டாந்தம்னு போலிங்களை வகை வகையா அடுக்குறாரு. நம்ம பசங்க நோட்டுல "அறிஞர்கள் கூறுகின்றனர்"னு வருதே, எந்த அறிஞர்டான்னு கேட்டுப் பாரு, விட்டத்தைப் பாப்பான்.

எழுதுறதுக்கு முன்னாடி திட்டம் போடச் சொல்றேன்னு பக்கம் பக்கமா கட்டம் போட வைக்காத. கேரம் தெரியாத புள்ள இங்க கீதா? 2024-ல அமெரிக்காவுல ஒலகக் கோப்பை ஆடி மூணு தங்கம் அள்ளிக்கினு வந்த காசிமா நம்ம வடசென்னைப் பொண்ணு. ரெட்டைப் போட்டா ஃபாலோ போடணும், இல்லாங்காட்டி ரெட்டு திரும்ப நடுவுல வந்து குந்திக்கும். உன் கட்சின்ற ரெட்டு எது, காரணம்ன்ற ஃபாலோ எதுன்னு ரெண்டு வரி கிறுக்கிக் காட்டிட்டு ஆரம்பின்னு சொல்லு, போதும்.

ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடுறேன். இதெல்லாம் பழகிட்டானுங்கன்னா மொத மனு மாநகராட்சிக்குப் போவும். ரெண்டாவது உங்க ஹெட்மாஸ்டருக்கு: கக்கூஸ்ல ஏன் தண்ணி வரலைன்னு, அவர் சொல்லப் போற சாக்கையும் முன்னாடியே பரபக்கத்துல எழுதி. யார் சொல்லிக் குடுத்ததுன்னு அவர் கேட்டா, என் பேரை இழுக்காத தாயி.