கேள்வி-பதில்: பேர்ச் கணக்கும் பஸ் கணக்கும்

கே: 'மாத்தளை டவுனுக்கு 5 நிமிடம்' என்ற விளம்பரத்தை நம்பி 10 பேர்ச் வாங்கினேன். பஸ்ஸில் முக்கால் மணி நேரம் ஆகிறதே? (உக்குவளை வாசகர்)

ப: விளம்பரத்தில் பொய்யில்லை. அது காணி விற்பவரின் காருக்கு, ஞாயிறு காலையில் போட்ட கணக்கு. சந்தி வரை நடக்கும் நேரமும் பஸ்ஸுக்கு நிற்கும் நேரமும் உங்கள் சொந்தச் சொத்து. உறுதியில் எழுத மாட்டார்கள்.

கே: தோட்டத்தைப் பிளொக் போட அனுமதிக்கும்போது பஸ்ஸைப் பற்றி யோசிப்பதில்லையா? (பலாபத்வளை வாசகி)

ப: ஒரு ஹெக்டயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டாடினால், பாதைகள் நீங்கலாக 10 சதவீதத்தைப் பொதுத் தேவைக்கு ஒதுக்கச் சொல்கிறது நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதி. பிள்ளைகள் விளையாட இடம், நல்லது. அவர்கள் பள்ளிக்கூடம் போவது எப்படி? காணிக்கு அனுமதி பிரதேச சபையில், தனியார் பஸ்ஸுக்கு அனுமதிப்பத்திரம் மாகாணத்தில், இ.போ.ச. தலைமையகம் கொழும்பில். மூன்று பேரும் சந்திக்கவும் பஸ் கிடைக்கவில்லை போலும்! பஸ் வந்து திரும்பும் இடத்தை வரைபடத்திலேயே காட்டச் சொன்னால், போவது ஓரிரு பிளொக். வீடுகள் எழும்பிய பிறகு தேடினால் யாருடைய மதிலையோ உடைக்க வேண்டும்.

கே: 'ஆள் சேரட்டும், பஸ் விடுகிறோம்' என்கிறார்களே?

ப: பஸ் இல்லையென்று மனிதர் லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுக்கிறார். எடுத்தபின் பஸ்ஸுக்கு ஏது ஆள்? அன்றைய வசூலில் ஓடும் தனியாரிடம் நட்டத்துக்கு ஓடு என்று சொல்லவும் முடியாது. காலையும் மாலையும் சொன்ன நேரத்துக்கு, காலியாக வந்தாலும், சில வருடம் இ.போ.ச.தான் ஓட வேண்டும். 1958இல் பஸ்களை அரசு எடுத்தது இதற்கும் சேர்த்துத்தானே.

கே: ரயில் இருக்கிறதே ஐயா?

ப: 1880இல் கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போட்ட பாதை. கோப்பிக் காலத்துச் சொத்து. கோப்பி இலைநோயில் போனது, தண்டவாளம் மிஞ்சியது. கட்டுகஸ்தோட்டை, வத்துகாமம், உக்குவளை என்று வீடு பெருகும் ஊர்களைத் தொட்டுத்தான் போகிறது. ஸ்டேஷனுக்குப் போக ஓட்டோ பிடித்தால், ரயில் டிக்கெட் இலவசம் போலத் தெரியும்.

கே: வாகன இறக்குமதி 2025இல் திறந்தாயிற்று. கார் வாங்கினால் தீராதா?

ப: 2022 தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி வாரத்துக்கு 20 லீற்றர் பெட்ரோல் வாங்கியவர்களைக் கேளுங்கள். பெட்ரோல் தாராளமாகக் கிடைத்தாலும், அக்குறணை வீதிதான் அகலவில்லை.

கே: புதுக் காணி பார்க்கிறேன். முதலில் எதை விசாரிக்க? (ரத்தோட்டை வாசகர்)

ப: கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று. தரகரிடம் அல்ல, சந்திக் கடைக்காரரிடம்.