வேட்டுச் சத்தமும் ஏலச் செய்தியும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இன்றைக்கு ஜன்னலில் தெரிவது சீமைக் கருவேலமும் இடையிடையே ஒரு போர்வெல் லாரியும்தான். எங்கள் காலத்தில் அதே கரிசலில் கோடை பிறந்தால் எங்காவது ஒரு கிணறு வெட்டுப்படும். வேப்பங் கவட்டையைப் பிடித்து நீரோட்டம் பார்ப்பவர் முன்னே நடக்க ஊரே பின்னால் நடக்கும். அவர் நின்ற இடத்தில் சூடம் கொளுத்தித் தோண்ட ஆரம்பித்தால், கரிசல் முடிந்து, சுக்காம்பாறையும் முடிந்து, கரும்பாறை தட்டுகிற நாள்தான் எங்களுக்குத் திருவிழா. பாறையில் தமருக்குழி அடித்துத் தோட்டா திணித்து, 'வேட்டு! வேட்டு!' என்று கத்திக்கொண்டு ஆள் ஓடிவர, புளியமரத்துக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு நின்ற சுகத்தை அப்புறம் எந்தத் தீபாவளியும் தரவில்லை. மேலே வந்து குவிந்த கல்லில் காக்காப்பொன் பொறுக்கி, டவுசர்ப் பை மினுங்க வீடு திரும்பும்போது, நம் ஊருக்கடியில் பெரிய சுரங்கம் ஒன்று காத்திருக்கிறது, சர்க்காருக்குத்தான் தகவல் போகவில்லை என்று எனக்குத் தோன்றும்.

அந்த நாளில்தான் கோலார் தங்கவயலில் வேலை பார்த்த தூரத்து மாமா ஒருவர் லீவில் வந்தார். "சுரங்கம் எப்படி மாமா ஆரம்பிப்பாக?" என்று கேட்டு வைத்தேன்.

"எடுத்த எடுப்புல தோண்ட மாட்டாக மாப்ளே" என்று தொடங்கி, துளை போட்டுப் பாறைத் துண்டை எடுத்து, ஒரு டன் கல்லில் எத்தனை கிராம் தேறும், எத்தனை வருஷம் வரும், தோண்டுகிற கூலி கட்டுமா என்று கணக்குப் போட்ட பிறகுதான் ஆள் இறங்க ஒரு குழி, காற்றுக்கு இன்னொரு குழி என்று அவர் சொல்லச் சொல்ல, என் காக்காப்பொன் சுரங்கம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் கைவைத்த இடம் அது. 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து கரண்ட் வந்துவிட்டதாம்; அதை நாங்கள் அரிக்கேன் வெளிச்சத்தில் உட்கார்ந்து கேட்டோம். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே பாறையே சுடும் என்றதையும், 'ஏர் பிளாஸ்ட்' வந்தால் பாறை வெடித்து ஆளை மூடும் என்றதையும்கூட நம்பினேன். ஒன்றைத்தான் நம்ப முடியவில்லை.

"ஊத்துத் தண்ணி வந்தா பெரிய தொல்லை. ராவும் பகலும் பம்பு வச்சு வெளிய தள்ளணும்."

தண்ணீரைத் தொல்லை என்றவரைத் திண்ணையில் இருந்த பெண்கள் பார்த்த பார்வை இருக்கிறதே!

800 டன்னுக்கு மேல் தங்கம் கொடுத்த அந்த வயல் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது; பம்பு நின்றதும் அந்தத் தொல்லைதான் குழிகளுக்குள் குடியேறியது. தங்கம் பிரித்த பின் கொட்டிய சயனைடு மண்மேட்டில் சினிமாக்காரர்கள் சண்டை எடுக்கிறார்கள்.

இப்போது கவட்டையும் இல்லை, சூடமும் இல்லை. மதுரைப் பக்கம் மேலூர் வட்டாரத்தில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு, அடியில் இருக்கிறவற்றையெல்லாம் டெல்லியில் எழுதி வைத்து, 2,015 ஹெக்டேரை ஏலமும் விட்டு, 2024 நவம்பரில் இந்துஸ்தான் ஜிங்க் பெயரை அறிவித்த பிறகுதான், மேலே குடியிருக்கிறவர்களுக்குச் செய்தியே போய்ச் சேர்ந்தது. எங்கள் நீரோட்டக்காரர் தப்பாகவே சொன்னாலும் ஊர் முன்னால் சொன்னார். அந்த ஏல நிலத்துக்குள் 72 ஏரிகளும் 200 சுனைகளும் உள்ளதாகத் தமிழக அரசே 2022இல் அறிவித்த அரிட்டாபட்டிப் பல்லுயிர் மரபுத் தலமும் அடக்கம். ஜனங்கள் மதுரைக்கே நடந்து வந்தார்கள். 2025 ஜனவரி 23இல் ஏலம் ரத்தானது.

மேலூர் பெரியாறு வாய்க்கால் பாயும் சீமை; வேண்டாம் என்று சொல்ல அவர்களிடம் வயல் இருந்தது. நாளைக்கே குண்டாற்றங்கரையில் அப்படியொரு ஏலம் வந்தால் நாங்கள் என்ன சொல்வோம் என்று திருச்சுழி டீக்கடையில் மாமாவின் பம்புக் கதையையும் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். வடையை மென்றுகொண்டிருந்த பெரியவர் அவசரப்படாமல் யோசித்துவிட்டுக் கேட்டார்:

"அந்தப் பம்புல தள்ளுற தண்ணிய நம்ம கம்மாய்க்குத் திருப்பி விடுவாகளா?"