பஸ்ஸு வர்ற வரைக்கும்

வா தம்பி, குந்து. பஸ்ஸு வரும், எங்க போயிடப் போவுது. மூட்டை முடிச்செல்லாம் பலமா இருக்கு, ஆஸ்டலயே காலி பண்ணிட்டாப்ல. பரிச்ச முடிஞ்சிடுச்சா? நல்லா எழுதினியான்னு நான் கேக்கல. அது ஒனக்கும் பேப்பர் திருத்தறவருக்கும் உள்ள வெவகாரம்.

மெட்ராசுக்கா? அடேயப்பா, மார்கழிக் கச்சேரி பாக்கவா! போ, போ, நல்ல காரியம். பாட்டுக்குப் போறியா, சபா கேன்டீன்ல வாழையிலையில போடற சாப்பாட்டுக்குப் போறியான்னு நான் கேட்டா தப்பாப் பூடும். ஆடற நடராசரு ஊட்டத் தாண்டிக்கிட்டு, 200 கிலோமீட்டருக்கு மேல போயி ஆட்டம் பாக்கற மொத ஆளு நீ இல்ல. நாப்பது வருசமா இந்த ஆஸ்டல் மெஸ்ஸுக்கு எல போட்டவன் நான். எந்தப் புள்ள எவ்ளோ தின்னுச்சி, எந்தப் புள்ள எந்த ஊரப் பாத்துச்சின்னு எனக்குத் தெரியும். நாலு வருசம் படிச்சிட்டு, கோபுரத்த பரோட்டாக் கடை வாசல்லேருந்தே பாத்துட்டு, பட்டம் வாங்கிக்கினு போன கூட்டம் எம்மாம் தெரியுமா?

சரி, போறதுதான் போற, அங்க எவனாச்சும் தமிழ்ல ஒரு பாட்டு பாடினா, கை தட்டறப்ப இந்த ஊரயும் ஒரு வாட்டி நெனச்சிக்க. ஒன் யுனிவர்சிட்டிய 1929-ல அண்ணாமலைச் செட்டியாரு ஆரம்பிச்சப்பவே பாட்டுக்குன்னு ஒரு காலேஜையும் உள்ள வச்சிட்டாரு. கச்சேரியில தமிழப் பாடுங்கப்பான்னு 1941-ல இங்கதான் மாநாடு கூட்டினாரு. அதுக்கு மெட்ராசுல சில சபாக்காரங்களுக்கு வந்துச்சி பாரு ஒரு கோவம், மீன்காரி கூடைய கோயில்ல எறக்கினாப்ல. எங்கப்பாகிட்ட யாரோ வந்து, தமிழ்ல பாடச் சொல்லி மாநாடு நடக்குதுன்னு சொல்லியிருக்காங்க. மனுசன் ஏர நிறுத்திட்டு, "அப்ப நடவுல பொம்பளைங்க எதுல பாடறாளுவளாம்?"னு கேட்டாராம்.

பாட்டு வெவகாரத்துல இந்த ஊரு கொஞ்சம் கோணல்தான், மறைக்கல. முத்துத்தாண்டவரு சீர்காழியிலேருந்து வந்து பாடினாரு, மாரிமுத்தாப் பிள்ளைக்கு இந்தாண்ட இருக்கிற தில்லைவிடங்கன். அது பெருமதான். ஆனா ஏட்டுல இருந்த தேவாரத்துல பாதிக்கு மேல கரையான் தின்னதும் இந்தக் கோயில் அறையிலதான்னு சொல்றாங்க. மிச்சம் இருந்தத, சபைக்கு முன்னால மேடை ஏறிப் பாட, 2008-ல கவருமெண்டு ஆர்டரு போட வேண்டியிருந்துச்சி. கரையானு யாருகிட்டயும் ஆர்டரு வாங்கல.

டீ குடி. ஆறுது பாரு.

இன்னிக்கி என்னா நாளுன்னு தெரியுமா? வெள்ளிக்கெழமையா? அது காலண்டருல. இன்னிக்கி ஊருல தேரு. நாளைக்கு ஆருத்ரா தரிசனம். கலெக்டரு உள்ளூரு லீவு உடறாரே, எதுக்குன்னு நெனச்ச, ஒன்ன போத்திக்கினு தூங்கச் சொல்லியா? மத்த ஊருல மூலவரு உள்ளயே குந்திக்கினு, உற்சவர வெளிய அனுப்புவாரு, நாம பெரிய மனுசன் ஊட்டு வெவகாரத்துல கணக்கப்பிள்ளையப் பாத்துட்டு வர்றதில்லியா, அந்த மாதிரி. இங்க அது கெடையாது. உள்ள ஆடிக்கினு இருக்கிறவரே கெளம்பி தெருவுக்கு வராரு. ஆனியில ஒரு வாட்டி, மார்கழியில ஒரு வாட்டி. அவுரு தெருவுக்கு வர்ற அன்னிக்கிதான் தெருவுல இருக்கிற நீ ஊர விட்டுக் கெளம்பற. நல்ல பொருத்தம்.

ஒருவேள மனசு மாறி தேரு பாக்கப் போனீன்னா, ஒன்னு சொல்றன், சாமியப் பாக்காத. அவுரு ஒன்னும் கோவிச்சிக்க மாட்டாரு, பாக்கறதுக்கு ஆயிரம் பேரு இருக்காங்க. நீ மெக்கானிக்கலுதான? சக்கரத்துக்குக் கீழ பாரு. ஆப்பு மாதிரி சரிவா செதுக்கின முட்டுக்கட்டைய ரெண்டு கையால புடிச்சிக்கினு ஒரு ஆளு குனிஞ்ச வாக்குலயே தேரோட நடப்பான். மேல மேளம், சங்கு, சனங்க போடற சத்தம் ஒன்னும் அவன் காதுல ஏறாது. கண்ணு சக்கரத்து விளிம்புல. கீழ வீதியில பொறப்பட்டு தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதின்னு வலம் சுத்தறதால எல்லா முக்குலயும் வலப்பக்கத் திருப்பந்தான். முக்குக்கு வந்ததும் வலப்பக்கச் சக்கரத்துக்கு ஒரு கட்டையக் குடுப்பான். அந்தச் சக்கரம் மெரண்ட மாடு மாதிரி நிக்கும், இந்தாண்ட சக்கரம் ஓடும், அம்மாம் பெரிய தேரு மொனகிக்கிட்டே மூஞ்சத் திருப்பும். கட்டை நசுங்கி நாரு நாரா பிஞ்சி, தேய்ஞ்ச மரத்து வாசன வரும் பாரு, பக்கத்துல நின்னாதான் தெரியும். ஒரு விரக்கட முந்தி உருவினா தேரு கடைக்குள்ள பூந்துடும், பிந்தி உருவினா அவன் கையி போச்சி. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தனுக்கு சுண்டு வெரல்ல நகமே கெடையாது. பள்ளிக்கூடத்துப் பக்கம் போனவன் இல்ல. பிரேக்குன்னு ஒரு பாடம் ஒனக்கு இருக்குமே, அதுல அவன் படம் போட்டிருக்காங்களா?

அஞ்சு தேரு, சொல்ல மறந்துட்டன். புள்ளையாரு, முருகன், நடராசரு, சிவகாமி, சண்டிகேசுவரரு. சாயங்காலம் மேல வீதி கஞ்சித்தொட்டி முனைக்கு வந்து நிக்கும். பருவதராஜ குலத்து மீனவங்க தட்டு தட்டா சீரு எடுத்துக்கினு வருவாங்க. அம்மன் மலையரசன் மவ, அப்ப அவங்க ஊட்டுப் பொண்ணு. மாப்ள உலகத்தயே ஆட்டி வைக்கிறவரா இருந்தாலும், மாமனாரு ஊட்டு சீரு வராம தேரு நகராது. ஒனக்கும் நாளைக்கி கல்யாணம் ஆவும், பாத்து வச்சிக்க.

ராத்திரி சாமி நேரா ஊட்டுக்குப் போவாது. ஆயிரங்கால் மண்டபத்துல தங்கல். விடியறதுக்கு முன்னாடி அங்கதான் அபிசேகம், பாலு, தயிரு, தேனு, சந்தனம்னு கொடங்கொடமா. மார்கழிப் பனியில கல்லுத் தரை ஐஸ்கட்டியா இருக்கும். சூடு பிடிக்கலாம்னு தூணுல சாயாத, தூணு ஒன்னவிட குளிர்ல கெடக்கு. பின்னாடி மத்தியானத்துக்கு மேலதான் தரிசனம். தூக்கறவங்க முன்னாடி நாலடி, பின்னாடி நாலடின்னு ஆட்டி ஆட்டி உள்ள கொண்டு போவாங்க. ஊட்டுக்குப் போவ மனசில்லாத புள்ளைய அம்மா இழுத்துக்கினு போறாப்லதான் எனக்குத் தோணும்.

களி வேற இருக்கு. சேந்தனாருன்னு ஒரு வெறகுவெட்டி, மழையில வெறகு நனஞ்சி விக்காத அன்னிக்கி கெடச்சத வச்சிக் கிண்டின களியாம் அது. இப்ப எங்கூட்டுக் கெழவி அரிசிய செவக்க வறுத்து, ஒடச்சி, பாசிப்பருப்பு, வெல்லம், தேங்கா, நெய்யி எல்லாம் போட்டுக் கிண்டறா. அந்த வெறகுவெட்டி பாத்தாருன்னா, இது என்னா பண்டம்னு கேப்பாரு. தொட்டுக்க ஏழுகறிக் கொழம்பு. களிய வாயில போட்டுட்டு "எப்படி இருக்கு"ன்னு அவ கேட்டா, யோசிக்காத. யோசிச்சவன் எங்கூட்டுல இன்னும் பட்டினியா கெடக்கறான், பேரு சொல்ல மாட்டன், ஒங்கிட்டதான் பேசிக்கினு இருக்கான்.

சாப்பாடு ஆனதும் பிச்சாவரம் போவலாம்னு கெளம்பிடுவீங்க, தெரியும். எம்ஜியாரு இதயக்கனி எடுத்த எடம்னு படகுக்காரன் சொல்லுவான், நெசந்தான். தில்லைன்னு இந்த ஊருக்குப் பேரு வச்ச மரம் ஊருக்குள்ள கெடையாது, அந்தச் சதுப்புலதான் நிக்குது. போட்டோ எடுக்கறப்ப கெளைய ஒடிச்சி வெளையாடாத. அந்த மரத்துப் பாலு கண்ணுல பட்டா, அப்புறம் போட்டோவ யாரு பாக்கறது?

ஆட்டம் பாக்கணும்னு உண்மையிலயே ஆச இருந்தா சிவராத்திரிக்கு ஊர்ல இரு. 1981-லேருந்து நாட்டியாஞ்சலின்னு நடக்குது, எங்கெங்கிருந்தோ வந்து ஆடறாங்க. போறப்ப முன் வரிசைக்குப் போவாத. அது சால்வ போத்திக்கிறவங்க எடம். ஒருத்தரு இன்னொருத்தருக்குப் போத்துவாரு, அவுரு இவுருக்குப் போத்துவாரு, சிவராத்திரி குளிருக்கு நல்லதுதான். நீ ஓரமா, ஆடறவங்க காத்துக்கினு இருக்கிற பக்கமாப் போ. போன தடவ ஒரு சின்னப் பொண்ணு, ஏழு வயசு இருக்கும், மையி, பொட்டு, சடைநாகம் எல்லாம் போட்டு சலங்கையும் கட்டிக்கினு அம்மா மடியில நல்லாத் தூங்குது. தூக்கத்துல காலு ஒதறுது, ஒதறினா ஜல்லுன்னு ஒரு சத்தம். அம்மாக்காரி சலங்கைய உள்ளங்கையால பொத்திக்கினு, சத்தம் வராம புடிச்சிக்கினு குந்தியிருக்கா. மேடையில யாரு ஆடினாங்கன்னு எனக்கு இன்னிக்கி வரைக்கும் தெரியாது.

அப்பறம், கோபுர வாசல்ல செருப்ப உட்டுட்டு உள்ள ஓடாத. ரெண்டு பக்கச் சுவத்துலயும் 108 கரணம் செதுக்கியிருக்கான். ஒன்னு காலத் தூக்கி நெத்தியில வச்சிக்கினு நிக்குது. அதப் பாத்தாலே எனக்கு முட்டி வலிக்கும், ஆனா பாக்காம வந்ததில்ல.

என்னா முணுமுணுக்கற? அடுத்த வருசம் பாத்துக்கறியா? நாளைக்கு, நாளைக்குன்னு சொன்ன ஆளு ஒருத்தரு இருந்தாரு, ஆதனூரு நந்தன். சொல்லிச் சொல்லி திருநாளைப்போவாருன்னே பேராயிப்போச்சி. அவுரு நாளைக்குன்னு சொன்னது சோம்பேறித்தனத்துல இல்லப்பா, பொறந்த சாதியச் சொல்லி உள்ள உடமாட்டாங்கன்னு. சாத்திக் கெடந்த வாசலுக்கு ஒரு மனுசன் ராத்திரியெல்லாம் தூங்காம ஏங்கினாரு. 1942-ல அந்த நந்தனாரா படத்துல நடிச்ச தண்டபாணி தேசிகரு, பின்னாடி ஒங்க யுனிவர்சிட்டியிலதான் பாட்டு சொல்லிக் குடுத்தாரு. ஒனக்கு நாலு கோபுரமும் தொறந்து கெடக்கு, கைச்செலவுக்கு அப்பா அனுப்பறாரு, பரிச்சையும் முடிஞ்சிப்போச்சி. நீ எந்த நந்திய வெலகச் சொல்லிக் காத்துக்கினு இருக்க?

சரி சரி, மூஞ்ச தொங்கப் போடாத. மணி என்னா ஆவுது, ஒம்போதா? இந்நேரத்துக்கு தெற்கு வீதி திரும்பியிருக்கும்.

பஸ்ஸா? எத்தினி நாழியா குந்தியிருக்க, ஒரு பஸ்ஸாவது வந்துச்சா பாத்தியா? தேரு அன்னிக்கி இந்த வழியா உடமாட்டாங்க, சுத்திக்கினு போவும். மொதல்லயே சொல்லியிருந்தா நீ குந்தியிருப்பியா? மூட்டைய கடைக்காரன்கிட்ட குடு, பத்தரமா இருக்கும். கெளம்பு, நடந்தே போயிடலாம். ரெண்டு டீ, ஒரு வட. காசு நீ குடு, நான் அவசரத்துல வந்துட்டன்.