பிள்ளையார் கரையலாம், குகை கரையக் கூடாது

கேள்வி: மீன்தொட்டிக்கு மண் குகை, மண் வீடு செய்து விற்கலாமா? கரைந்துவிடாதா?
– வாசகர், மேடவாக்கம்

பதில்: சதுர்த்திப் பிள்ளையார் கரைவதற்காகவே செய்யப்படுகிறார், அவர் சூளைக்குப் போவதில்லை. தொட்டிக் குகை போயே ஆக வேண்டும். சுமார் 600 டிகிரி செல்சியசைத் தாண்டினால் களிமண்ணோடு வேதியியல் முறையில் பிணைந்த நீரும் வெளியேறிவிடும். பிறகு அது சேறாகாது. ஈரம் காயாமல் சூளையில் வைத்தால் நீராவி அதை வெடிக்கச் செய்யும். நிழலில் நிதானமாகக் காய்வதே பாதி வேலை.

வர்ணம் வேண்டாம். கொலு பொம்மைப் பூச்சு தண்ணீரில் உரியும். ஈயம் கலந்த மெருகு மீனுக்கு நஞ்சு. பூச்சில்லாத சுட்ட மண்ணே அழகு, பயனும் அதிகம்: அதன் நுண்துளைகளில் குடியேறும் பாக்டீரியாக்கள் மீன்கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, பின் நைட்ரேட்டாக்கும். வழவழப்பான பிளாஸ்டிக் கோட்டையில் அவற்றுக்கு இடம் குறைவு.

விளிம்பைப் பச்சை மண்ணிலேயே ஈரத்துணியால் வழித்துவிட வேண்டும். சொரசொரப்பில் ஃபைட்டர் மீனின் வால் கிழியும். வாசல் இரண்டு இருந்தால் தண்ணீர் உள்ளே தேங்காது. முட்டையிடக் குகை தேடும் சிக்லிட், பிளெகோ வகைகளுக்கு மட்டும் ஒருபக்கம் மூடிய குழாய் வடிவம் ஏற்றது.

சென்னையில் வண்ணமீன் வணிகத்தின் மையம் கொளத்தூர். அங்கே வாங்க வரும், இவ்வகை மீன் வளர்ப்போருக்கு அலங்காரக் கோபுரத்தைவிட இந்த எளிய குழாய்தான் தேவை. சூளையிலும் வழியிலும் உடைவதையும் சேர்த்தே விலை வைக்க வேண்டும்.