நீ விண்டோஸா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்

2012-ஆம் ஆண்டின் இறுதியில் லெனோவோவின் திங்க்சென்டர் எம்92பி கணினியில் ஒரு விநோதம் வெளிப்பட்டது. தடித்த புத்தகம் அளவேயான 'டைனி' வடிவத்திலும் விற்ற மாடல் அது. அதில் ஃபெடோரா லினக்ஸை நிறுவினால் எல்லாம் ஒழுங்காக முடியும். அணைத்து மறுபடி இயக்கினால் கணினி அதைக் கண்டுகொள்ளாது. லினக்ஸ் கெர்னல் நிரலாளர் மேத்யூ கேரட் துருவிப் பார்த்தபோது காரணம் அகப்பட்டது. கணினியின் பயாஸ், தொடக்கப் பட்டியலில் இருக்கும் பெயர்களை வாசித்துப் பார்த்துத்தான் அனுமதி கொடுத்தது. 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்றிருந்தால் சரி. 'ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ்' என்றிருந்தாலும் சரி. மற்றவர்களுக்கு இடமில்லை. விதிமுறைப்படி அந்தப் பெயர் மனிதர்கள் திரையில் படிப்பதற்கான வரி. அதை வைத்து பயாஸ் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. ஆனாலும் எடுத்தது. பரிகாரம் எளிமையானது: ஃபெடோராவின் பெயரை 'ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ்' என்று மாற்றி எழுதினால் கணினி ஓடத் தொடங்கியது. நியூமராலஜி பார்த்துப் பெயரை மாற்றி முன்னுக்கு வந்ததாகச் சொல்லும் மனிதர்கள் நம்மிடையே உண்டு. அந்த சாஸ்திரம் நிரூபணமாகப் பலித்தது எனக்குத் தெரிந்து இந்தப் பெட்டியில்தான்.

மினி பிசி வாங்கி லினக்ஸ் போட முயன்று தோற்றவர்கள் எல்லோரும் ஒரே தீர்ப்பைச் சொல்வார்கள்: "லினக்ஸ் ஒத்துவரவில்லை." வீட்டுக்குப் புதிதாக வந்தவர் மீது பழியைப் போடுவது நமக்குப் பழகிப்போன நீதிமுறை. ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருப்பவரை யாரும் விசாரிப்பதில்லை. அந்தச் சின்னப் பெட்டியில் லினக்ஸ் ஓடுமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ப்ராசஸரோ ரேமோ அல்ல, பயாஸ்தான் என்பது என் கட்சி. எனவே விளம்பரத்தில் எத்தனை ஜிபி என்று பார்ப்பதற்கு முன்னால், இதன் பயாஸை விண்டோஸின் தயவில்லாமல் புதுப்பிக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். விளம்பரத்தில் இந்தத் தகவல் இருக்காது. எந்தத் தகவல் முக்கியமோ அதை விட்டுவிடுவதற்குத்தானே விளம்பரம்.

பயாஸ் என்று பழைய பெயரிலேயே அழைக்கிறோம். இன்றைய பெட்டிகளில் இருப்பது யுஇஎஃப்ஐ என்ற அதன் வாரிசு. எட்டுக் கால் கொண்ட ஒரு சின்ன சிப்பில், பெரும்பாலும் 16 எம்பி இடத்தில், குடியிருக்கும் நிரல் அது. மின்சாரம் வந்ததும் முதலில் எழுந்து, நினைவகத்தைத் தட்டி எழுப்பி, இயங்குதளத்தை அழைத்து, 'இந்த வீட்டில் இன்னின்ன சாமான்கள் இருக்கின்றன, இவற்றை இப்படித்தான் அணைக்க வேண்டும், விசிறியை இப்படித்தான் சுழற்ற வேண்டும்' என்று அட்டவணைகளை ஒப்படைக்கும். ஏசிபிஐ எனப்படும் இந்த ஏற்பாட்டை இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 1996-ல் வெளியிட்டன. அட்டவணை என்றால் வெறும் பட்டியல் அல்ல. உள்ளே குட்டிக் குட்டி நிரல்கள் இருக்கும், இயங்குதளம் அவற்றை ஓட்டும். அந்த நிரல்களில் ஒரு கேள்வி உண்டு: நீ விண்டோஸ் 2009-ஆ, 2012-ஆ, 2015-ஆ? இவை முறையே விண்டோஸ் 7, 8, 10 ஆகியவற்றின் உத்தியோகப் பெயர்கள். லினக்ஸ் எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' என்று தலையாட்டும். 'நீ லினக்ஸா?' என்று நேரடியாகக் கேட்டால், 15 ஆண்டுகளுக்கும் மேலாக அதன் பதில் 'இல்லை'.

இது கோழைத்தனமல்ல, அனுபவம். பெட்டி விண்டோஸோடு விற்கப்படுகிறது. தொழிற்சாலையில் விண்டோஸோடு சோதிக்கப்படுகிறது. விண்டோஸ் தூங்கி எழுந்தால் பயாஸ் தேறிவிட்டது என்று முத்திரை விழுகிறது. 'விண்டோஸ் அல்லாதவருக்கு' என்று பயாஸுக்குள் எழுதி வைத்த பகுதியை அதை எழுதியவரே ஒருமுறையும் ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார். உண்மையைச் சொன்னால் அந்தப் பகுதிக்குள் தள்ளப்படுவோம். பொய் சொன்னால் சோதித்த பாதையில் போகலாம். லினக்ஸ் விவேகமாகப் பொய் சொல்கிறது. வேஷம் இதோடு நிற்கவில்லை. யுஇஎஃப்ஐ நேரடியாக ஓட்ட வேண்டுமென்றால் கெர்னல் கோப்பு விண்டோஸின் எக்ஸ் (.exe) கோப்பு வடிவத்தில் இருக்க வேண்டும். அந்த வடிவத்தின் முதல் இரண்டு எழுத்துகள் 'எம்', 'இசட்'. எம்எஸ்-டாஸ் நிரலாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயரின் முதலெழுத்துகள். ஆக, உலகத்தின் மிகப் பிரபலமான சுதந்திர மென்பொருள் இந்தப் பெட்டியில் விழித்தெழும்போது போடும் பிள்ளையார் சுழி, மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவரின் கையெழுத்து.

இதில் சதி இருக்கிறது என்பவர்கள் 1999-ல் பில் கேட்ஸ் எழுதிய ஓர் உள்கடிதத்தை எடுத்துக் காட்டுவார்கள். ஏசிபிஐ-யை எப்படியாவது விண்டோஸுக்கு மட்டும் உரியதாக ஆக்க முடியாதா என்று அவர் அதில் யோசித்திருக்கிறார்; அமெரிக்காவின் ஐயோவா மாநில வழக்கொன்றில் அது சான்றாவணமாக வெளியே வந்தது. ஆசைப்பட்டது உண்மை. ஆனால் இன்றைய மினி பிசிகளின் நிலைமையை விளக்க அவ்வளவு பெரிய வில்லன் தேவையில்லை. சதிக்கு உழைப்பு வேண்டும். 'விண்டோஸில் ஓடுகிறதல்லவா, அனுப்பிவிடு' என்பதற்கு அது வேண்டாம்.

சரி, பயாஸில் பிழை, திருத்திய பதிப்பு வந்திருக்கிறது, போட்டுக்கொள்ள வேண்டியதுதானே? இங்கேதான் நாடகத்தின் உச்சக் காட்சி. வாங்கியவர் லினக்ஸ் ஆர்வத்தில் முதல் வேலையாக விண்டோஸைத் துடைத்து எறிந்திருப்பார். புதிய பயாஸோ விண்டோஸில் மட்டும் ஓடும் ஒரு எக்ஸ் கோப்பாக வந்திருக்கும். லினக்ஸ் ஓட பயாஸ் திருந்த வேண்டும், பயாஸ் திருந்த விண்டோஸ் வேண்டும், விண்டோஸ் வேண்டுமென்றால் லினக்ஸ் போக வேண்டும். கொஞ்சம் இரக்கமுள்ள நிறுவனமாக இருந்தால் யுஇஎஃப்ஐ ஷெல்லில் ஓட்டும் கோப்பு ஒன்று தருவார்கள். அல்லது ஃப்ரீடாஸ் உள்ள பென்டிரைவில் போட்டு ஓட்டச் சொல்வார்கள். நாலு கோர் ப்ராசஸரும் எஸ்எஸ்டியும் உள்ள பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, 1981-ஆம் ஆண்டின் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து தட்டிக்கொண்டிருப்பதும் ஒரு சுகம்தான். சிறிய பிராண்டுகள் சில, கோப்பை ஏதாவது ஒரு பொது மேகச் சேமிப்பகத்தில் ஜிப்பாகப் போட்டு இணைப்பை அனுப்பும். கூடவே வரும் குறிப்பில் 'கணினியின் நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டது' என்று ஒரே வரி. எந்த நிலை, அதற்கு முன் எப்படித் தள்ளாடிக்கொண்டிருந்தது என்பதெல்லாம் ரகசியம்.

இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்பதில்லை. இன்டெல் தன் நக் மினி பிசிகளை 2023-ல் கைகழுவும்வரை, அவற்றில் எஃப்7 பொத்தான் வேலை செய்தது: பயாஸ் கோப்பைப் பென்டிரைவில் போட்டு, இயக்கும்போது எஃப்7-ஐ அழுத்தினால் பெட்டி தானே வாசித்துத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். உள்ளே எந்த இயங்குதளம் இருக்கிறது, இருக்கிறதா இல்லையா என்ற விசாரணையே கிடையாது. இன்னொரு வழி, ரெட் ஹாட்டின் ரிச்சர்ட் ஹியூஸ் உருவாக்கிய எஃப்டபிள்யூஅப்டி என்ற மென்பொருள். டெல், லெனோவோ போன்றவர்கள் தங்கள் ஃபர்ம்வேரை ஒரு பொதுக் களஞ்சியத்தில் ஏற்றிவிடுகிறார்கள். லினக்ஸில் ஒரு கட்டளை, ஒரு மறுதொடக்கம், வேலை முடிந்தது. எம்92பி-யில் பெயர் கேட்டு நிறுத்திய அதே லெனோவோ பின்னாளில் இந்தக் களஞ்சியத்தில் சேர்ந்தது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லத்தான் வேண்டும்.

"ஓடுகிற கணினியை ஏன் நோண்ட வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. அனுபவஸ்தர்களின் கேள்வி, அலட்சியம் செய்ய முடியாது. மடிக்கணினிக்கு பேட்டரி உண்டு. மினி பிசிக்குக் கிடையாது. புதிய பயாஸைப் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பெட்டி காகிதத்தின் மேல் வைக்கத்தான் உதவும். லினக்ஸே பயாஸைக் கெடுத்த கதையும் இருக்கிறது: 2017-ல் உபுண்டு 17.10, ஃபிளாஷ் சிப்பைத் தொடும் ஒரு டிரைவரைத் தேவையில்லாமல் திறந்து வைத்ததால் பல லெனோவோ மடிக்கணினிகளின் பயாஸில் அமைப்புகளைச் சேமிக்கவே முடியாமல் போனது. டிசம்பரில் அந்தப் பதிப்பைப் பதிவிறக்கத்திலிருந்தே எடுத்துவிட்டு, மறு மாதம் திருத்தி வெளியிட்டார்கள். அந்தக் குற்றம் லினக்ஸுடையது, வாதாட ஒன்றுமில்லை. ஆனால் 2013-ல் சில சாம்சங் மடிக்கணினிகள் லினக்ஸைத் தொடங்கியதும் ஒரேயடியாக உயிரை விட்டபோதும் முதலில் லினக்ஸைத்தான் பிடித்தார்கள். பிறகு அதே கேரட், விண்டோஸிலிருந்தே பயாஸின் சேமிப்பிடத்தில் கொஞ்சம் அதிகமாக எழுதினால் போதும், அது செத்துவிடும் என்று செய்து காட்டினார். தனக்கென்று ஒதுக்கிய நோட்டுப் புத்தகம் நிறைந்தால் மாரடைப்பு வரும் பயாஸை நோண்டாமல் வைத்திருப்பது பாதுகாப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. ஆபத்தைக் காரணம் காட்டி வேண்டாம் என்பதைவிட, ஆபத்தில்லாத வழியை வைத்திருக்கும் பெட்டியாகப் பார்த்து வாங்கலாமே. கைமீறிப் போனாலும் சில நூறு ரூபாயில் சிஎச்341ஏ என்ற எழுதும் கருவி கிடைக்கிறது, சிப்பில் கவ்வி மாட்டிப் பழையபடி எழுதிவிடலாம். அந்தக் கறுப்புப் பலகைகளில் பல, 3.3 வோல்ட் சிப்புக்கு 5 வோல்ட் கொடுக்கும் என்ற பின்குறிப்போடு.

"பயாஸை ஏன் திருத்த வேண்டும், கெர்னலிலேயே சமாளித்துவிடலாமே" என்பது இன்னும் நயமான ஆட்சேபம். சமாளிக்கத்தான் செய்கிறார்கள். கெர்னலுக்குள் இன்ன நிறுவனம், இன்ன மாடல் என்றால் இன்ன கோளாறு, இப்படிச் சரிசெய் என்ற நீண்ட பட்டியல்கள் இருக்கின்றன. பயாஸ் தவறு செய்தால் 'ஃபர்ம்வேர் பிழை' என்று பதிவேட்டில் பெயர் சொல்லித் திட்டவும் ஏற்பாடு உண்டு. ஆனால் பட்டியல் பயன்பட வேண்டுமென்றால் பெட்டி தன் பெயரைச் சொல்ல வேண்டும். மலிவான மினி பிசிகள் பலவற்றிடம் 'உன் மாடல் பெயர் என்ன?' என்று கேட்டால் வரும் பதில்: 'தயாரிப்பாளர் நிரப்ப வேண்டியது'. தயாரிப்பாளர் நிரப்பவில்லை. வேறு சில, 'இயல்புநிலைச் சொல்' என்று அர்த்தம் வரும் ஒரு வெற்றுச் சொல்லைத் திருப்பித் தரும். ஊரெல்லாம் ஒரே பெயரில் ஆயிரம் பெட்டிகள். 2017-ல் வந்த ஜிபிடி பாக்கெட் என்ற கையடக்கக் கணினியும் இந்த ரகம். அதன் திரை பக்கவாட்டில் திரும்பியிருக்கும், கெர்னல்தான் நேராக்க வேண்டும். பெயரை வைத்து அடையாளம் காண வழியில்லாததால் கெர்னல்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பயாஸ் வெளியான தேதியைப் பார்த்தார்கள். பெயர் சரிவரவில்லை என்றால் பிறந்த தேதி. நியூமராலஜி இங்கேயும் விடவில்லை. இதன் விளைவு, பயாஸைப் புதுப்பித்தால் தேதி மாறும், தேதி மாறினால் கெர்னலுக்கு அடையாளம் தெரியாது, திரை மறுபடி படுத்துக்கொள்ளும், புதிய தேதியையும் பட்டியலில் சேர்க்கும்வரை கழுத்தைச் சாய்த்துத்தான் படிக்க வேண்டும். தயாரிப்பாளர் ஒரு வரி நிரப்பாததற்குக் கெர்னலில் காலமெல்லாம் தண்டம் கட்டுகிறார்கள்.

"லினக்ஸ்காரர்கள் எத்தனை பேர், அவர்களுக்காக எந்த நிறுவனம் மெனக்கெடும்?" என்பதுதான் வியாபாரிகள் கடைசியாக எடுக்கும் துருப்பு. பயாஸ் புதுப்பிப்பு லினக்ஸ்காரர்களின் சொந்தப் பிரச்சினை என்று நினைப்பதால் வரும் கேள்வி இது. 2024 ஜூலையில் பைனார்லி என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஒன்றை வெளிப்படுத்தியது. பாதுகாப்பான தொடக்கம் என்று பெருமையாகச் சொல்லப்படும் செக்யூர் பூட்டுக்கு ஆணிவேரான சாவி, பெயர்பெற்ற நிறுவனங்கள் பலவற்றின் நூற்றுக்கணக்கான மாடல்களில், ஏஎம்ஐ நிறுவனம் சோதனைக்காக மாதிரியாகக் கொடுத்த சாவியாகவே இருந்தது. அந்தச் சாவியின் சான்றிதழில் 'நம்பாதே', 'விற்பனைக்கு அனுப்பாதே' என்றெல்லாம் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அனுப்பியிருந்தார்கள்; நம்பியிருந்தோம். அந்த ஓட்டையில் பாதிக்கப்படுவது விண்டோஸ்காரரும்தான், அடைக்கத் தேவை புதிய பயாஸ்தான். இது தவிர, மைக்ரோசாஃப்டின் 2011-ஆம் ஆண்டு செக்யூர் பூட் சான்றிதழ்கள் 2026 ஜூன் தொடங்கிக் காலாவதியாகின்றன. பெரிய லினக்ஸ் விநியோகங்கள் பலவும் உள்ளே நுழைவது அந்தச் சான்றிதழ் வரிசையில் மைக்ரோசாஃப்ட் போட்டுக் கொடுக்கும் கையெழுத்தோடுதான். மாற்றுச் சான்றிதழ்களை ஏற்றுக்கொள்ளச் சில பெட்டிகளுக்கு பயாஸ் புதுப்பிப்பும் தேவைப்படலாம். எனவே விண்டோஸ் பயனரும் இதே வரிசையில்தான் வந்து நிற்க வேண்டும், கையில் அவருக்கு எக்ஸ் கோப்பு இருக்கும் என்பது மட்டுமே வித்தியாசம்.

ஆகவே வாங்குவதற்கு முன் அந்த மாடலின் பதிவிறக்கப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பயாஸ் என்ற தலைப்பே இல்லையென்றால், அல்லது ஒரே பதிப்பு அநாதையாகக் கிடந்தால், இன்னும் 8 ஜிபி ரேம் இலவசம் என்றாலும் அடுத்த கடைக்குப் போகலாம். பென்டிரைவிலிருந்து நேரடியாகப் புதுப்பிக்கும் வசதி இருந்தால் அரை மதிப்பெண் கூடுதல் கொடுக்கலாம். எஃப்டபிள்யூஅப்டி களஞ்சியத்தில் அந்த மாடல் இருந்தால் பேரம் பேசாமலே வாங்கலாம். வாங்கியாகிவிட்டது, இதில் எதுவுமில்லை என்பவர்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் காரியத்தைப் பார்க்க வேண்டும். யுபிஎஸ்ஸில் மாட்டி, அன்று மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்பு அறிவித்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு உட்காருங்கள். பெட்டியோடு வந்த விண்டோஸை மட்டும் அன்று சாயங்காலம் வரை விட்டுவையுங்கள். பயாஸ் எக்ஸ் கோப்பை ஓட்ட அது இருந்தாக வேண்டும்.