பத்து டாலர் ஒரு சென்ட்

ஏழைகளின் மானம் காப்பதில் அமெரிக்க அரசை விஞ்ச ஆளில்லை. 2021 கடைசியில் தொடங்கிய மலிவு இணைப்புத் திட்டத்தையே பாருங்கள். இணையக் கட்டணத்தில் பெரும்பாலோருக்கு மாதம் 30 டாலர் வரை சலுகை. கூடவே டேப்லெட்டோ கணினியோ வாங்க, ஒரே ஒருமுறை, 100 டாலர் வரை தள்ளுபடி. வீட்டுக்கு ஒன்றுதான். ஆறு பேர் இருந்தால் முறைவைத்துத் தொட்டுக்கொள்ளலாம்.

வாங்குபவர் கைக்காசாக 10 டாலருக்கு மேல், 50 டாலருக்குக் கீழ் கொடுத்தாக வேண்டியிருந்தது. கம்பெனிக்காரர் மனமிரங்கி, "சும்மா எடுத்துட்டுப் போங்க" என்றால் தள்ளுபடி செல்லாது. சரியாகப் பத்து டாலர் நீட்டினாலும் செல்லாது. மேலே வைக்கும் அந்த ஒரு சென்ட்டில்தான் சுயமரியாதை குடியிருக்கிறது.

டேப்லெட் செல்போன்போல் பேசக்கூடாது என்பதும் விதியாக இருந்தது. நியாயம்தானே? பேச விட்டால் முதல் அழைப்பே புகாராக இருக்கும்.

இணையம் இல்லாதவர்களுக்கான திட்டம் என்பதால் இணையத்திலேயே விண்ணப்பிக்க வசதி செய்திருந்தார்கள். (தபாலும் உண்டு, குறை சொல்லக்கூடாது.) தகுதி தேறிய பிறகு, சாதனம் தரும் நிறுவனத்தைத் தேட வேண்டியிருந்தது. தருவதும் தராததும் அவர்கள் இஷ்டமாக இருந்தது.

திட்டத்தில் 2 கோடியே 30 லட்சம் குடும்பங்களுக்கு மேல் சேர்ந்தன. இவ்வளவு நன்றாக ஓடினால் நிறுத்தாமல் என்ன செய்வது? பணம் தீர்ந்தது, 2024 ஜூன் 1-இல் கடையை மூடினார்கள். டேப்லெட்டைத் திருப்பிக் கேட்கவில்லை, பெரிய மனசு. அதில் கால்குலேட்டர் இருக்கிறது. இனி கட்டவேண்டிய முழு இணையக் கட்டணத்தைக் கூட்டிப்பார்க்க இணையமே தேவையில்லை.